எறும்பு பார்த்த வைத்தியம்

ஊரே ரேஷன் சீனிக்கு வரிசையில் நின்ற 1950-ல், எனக்குள் மட்டும் சீனி வழிந்துகொண்டிருந்தது. யோவான் டாக்டர் என் சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார். செங்கல் நிறமானது. சிவந்தால் சர்க்கரை என்று அர்த்தமாம்.

"ஓய் பகவதியப்பன், சர்க்கரையை அடக்குத சத்து உம்ம உடம்பிலேயே ஊறுகு. உம்ம தொப்பைதான் அதை வேலை செய்ய விடமாட்டேங்கு. வாயைக் கட்டி நல்லா நடக்கணும். அடுத்த மாசமும் செவப்பா வந்தா, தெனமும் ஊசிதான்."

ஊசி என்றாலே எனக்கு உயிர் போய்விடும். அதைவிடப் பெரிய பயம், இதே வியாதியில்தான் என் மச்சினருக்குக் காலை எடுத்தார்கள். அவர் வீட்டு வாசலில் இப்போது ஒற்றைச் செருப்புதான் கிடக்கிறது.

ஆனால் என் பயம் வாய்க்குத் தெரியவில்லை. அஞ்சுகிராமத்து என் ஜவுளிக்கடையில், கல்லாவுக்குள் முந்திரிக்கொத்துப் பலகாரத்தை ஒளித்துவைத்தேன். நடக்கப் போகிறேன் என்று தினமும் புறப்பட்டு, குளத்து மதகில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். மனைவி தாணம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காவிட்டால்தான் ஆபத்து.

ஒருநாள் கேட்டாள். "சர்க்கரை கூடினா, ஒண்ணுக்குப் போற எடத்துல எறும்பு வருமாம். பாத்தியளா?"

"ஒண்ணும் இல்லட்டி" என்று சொல்லிவிட்டு, நான் வழக்கமாக ஒதுங்குகிற தென்னையின் அடியில் போய்ப் பார்த்தேன். மொய்த்துக் கிடந்தது. அவள் பார்க்கும் முன் சாம்பலைத் தூவி மூடினேன். மறுநாள் புளியமரத்துக்கு மாறினேன். அங்கேயும் மொய்த்தது. வாழைக்கு ஓடினேன். நான் போவதற்கு முன்பே எறும்புகள் வந்து காத்திருந்தன. வரப்போவது தெரிந்து முன்கூட்டியே வருகிற அளவுக்கு வியாதி முற்றிவிட்டது! காலைத் தடவிப் பார்த்தேன். இரண்டும் இருந்தன.

அன்றே முந்திரிக்கொத்து எதிர்க்கடை ஆபேலுக்குப் போயிற்று. சோறு பாதியானது. விடிந்ததும் கொட்டாரம் ரோட்டில், நாய் துரத்துகிற மாதிரி நடந்தேன். சில நாள் நிஜமாகவே துரத்தியது. தொப்பை வற்றி, வேட்டி இடுப்பில் நிற்க மறுத்தது.

மாதம் முடிந்து டாக்டர் மறுபடி காய்ச்சினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது நீலம் நீலமாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்து நெஞ்சை நிமிர்த்தினேன். "ஏட்டி, இனி ஊசி இல்ல. நடையும் இல்ல."

தாணம்மாள் அடுக்களையிலிருந்து ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்துவந்தாள். அடியில் கருப்பட்டிப் பாகு ஒட்டியிருந்தது.

"செரி, நடக்காண்டாம். நாளைக்கு எந்த மரத்துக்குப் போவியன்னு இப்பமே சொல்லிருங்க. மூணு மரத்துக்கும் ஊத்தக் கருப்பட்டி கட்டுப்படியாவல்ல."

மறுநாள் விடிந்ததும் கொட்டாரம் ரோட்டுக்குப் போனேன். நாய் எனக்காகக் காத்திருந்தது.