கஸ்தூரியின் டைப் சர்டிபிகேட்

இந்த வருடம் மனைவிக்குத் தெரியாமல் ஒரே ஒரு காரியமாவது செய்துவிடுவது என்று சபதம் எடுத்தேன். சாதாரண சபதமில்லை. நான் தும்முவதற்கு முன்பே "ஆவி புடி மாமா" என்று வெந்நீரோடு வந்து நிற்கிறவள் என் கஸ்தூரி.

வெள்ளானூரில் எனக்கு ஒரு வீடியோ கடை. 'டில்லிபாபு வீடியோஸ்' என்றால் ஆவடி வரை தெரியும். ஆவடியைத் தாண்டினால் எனக்கே சந்தேகம்தான். இப்போதெல்லாம் மாப்பிள்ளை இல்லாமல்கூடக் கல்யாணம் நடந்துவிடும், ட்ரோன் இல்லாமல் நடக்காது. கஸ்தூரியிடம் மெதுவாகப் பேச்செடுத்தேன்.

"தரைல நின்னுகினு எடுக்கற படத்துலயே பாதி பேருக்குத் தலை இல்ல. மேலேர்ந்து வேற எடுக்கப் போறியா?"

ரோஷம் வந்துவிட்டது. அவளுக்குத் தெரியாமல் ஒரு ட்ரோன் வாங்கினேன். முதல் ஆர்டர் கிடைத்ததும் காட்டி அசத்திவிடலாம் என்று, யாரும் தேடாத இடத்தில் ஒளித்துவைத்தேன். அரிசி டிரம்முக்குள். என் நல்ல நேரம், அடுத்த வாரமே கஸ்தூரி பூந்தமல்லியில் ஆரி ஒர்க் எம்பிராய்டரி வகுப்பில் சேர்ந்துவிட்டாள். வீட்டில் அவள் கண் இல்லாத நேரம் கூடியது. எனக்கு ஒரே கொண்டாட்டம்.

ஆர்டரும் வந்தது. ஜேம்ஸ் சார் மகளுக்குக் குமணன்சாவடி மண்டபத்தில் கல்யாணம். இதுவும் கைவிட்டுப் போனால் கடைக்குப் பூட்டுதான். ஆனால் அவர் டிஃபென்ஸ் ஃபேக்டரி ஆள். சட்டம் பேசினார்.

"உங்க ட்ரோனுக்கு டைப் சர்டிபிகேட் இருக்கா தம்பி? அனுமதி இல்லாம அது மேல பறந்தா, என் வேலை பறந்துடும்."

"டைப் சர்டிபிகேட்டா? ஹையரே கீது சார்!"

"ஹையரா?" என்று முழித்தார். "என்னவோ, பூந்தமல்லில ட்ரோன் பயிற்சி நிலையம் இருக்கு. அங்க காட்டி விசாரிச்சுட்டு வாங்க. அப்புறம்தான் ஆர்டர்."

ட்ரோன் ஓட்ட டைப் எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது. ரிமோட்டில் அத்தனை பட்டன் இருக்கிறதே, பார்க்காமல் அடிக்கத் தெரிய வேண்டாமா என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். எனக்குத் தெரியாவிட்டால் என்ன? கஸ்தூரி கல்யாணத்துக்கு முன்பே இங்கிலீஷ் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள்.

"கஸ்தூரி, உன் டைப் சர்டிபிகேட் எங்க கீது?"

"இன்னாத்துக்கு?"

"பேங்க்ல கேக்கறாங்கம்மே."

"பேங்க்ல இன்னாத்துக்கு டைப் தெரியுமான்னு கேக்கறான்?"

"அவன் கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சாம்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பீரோவைத் திறந்து, லேமினேட் செய்த சர்டிபிகேட்டைக் கையில் கொடுத்து, "பத்திரமா போய்ட்டு வா மாமா" என்றாள். அவள் அவ்வளவு அன்பாகப் பேசியபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

பயிற்சி நிலையத்தில் சிம்ரன் என்றொரு பெண் உட்கார்ந்திருந்தது. சர்டிபிகேட்டை நீட்டினேன். பார்த்தது. விழுந்து விழுந்து சிரித்தது.

"சார், இது மெஷின்ல டைப் அடிக்கறதுக்கு. நாங்க கேக்கறது, அந்த மாடல் ட்ரோன் சரியானதுன்னு கவர்மென்ட் குடுக்கற சான்று. அது இருந்தாதான் நம்பர் வாங்கலாம். ஓட்டறவங்களுக்குத் தனியா பைலட் சர்டிபிகேட் வேணும்."

"பைலட்டா? நான் கீழதான்மா நிப்பேன்!"

சிம்ரன் மறுபடி சர்டிபிகேட்டைப் பார்த்தது. "கஸ்தூரியா? வெள்ளானூரா? அட, நம்ம கஸ்தூரி அக்கா! அவங்க இங்கதான் சார் படிச்சாங்க. நேத்துதான் பாஸ் பண்ணாங்க."

என் காலடியில் பூந்தமல்லி ஒரு சுற்று சுற்றியது.

வீட்டுக்கு ஓடினேன். டிரம்மைத் திறந்தேன். அரிசி மட்டும்தான் இருந்தது.

"இன்னா மாமா தேடற?"

"ஆரி ஒர்க்குன்னு சொன்னியே!"

"நீ பேங்க்னு சொன்னியே! சோறு ஆக்கறவ அரிசி டிரம்முல கை உட மாட்டான்னு நெனச்ச பாரு, அங்க நிக்கற நீ. பில்லும் பொட்டிக்குள்ளயே வெச்சிருந்த. அந்தக் கடைக்காரன்கிட்ட போயி, சர்டிபிகேட் இல்லாத சாமானை என் புருஷன் தலைல கட்டுனியான்னு ஒரு சத்தம் போட்டேன். மாத்திக் குடுத்துட்டான். உன்னைக் கேட்டு ஜேம்ஸ் சார் போன் பண்ணாரு, அவர்கிட்டயும் பேசிட்டேன். ஆர்டர் நமக்குத்தான்."

சந்தோஷப்படுவதா, தூக்குப் போட்டுக்கொள்வதா என்று தெரியவில்லை. கடை பிழைத்தது. சபதம் செத்தது.

"அப்ப கல்யாணத்துல எனக்கு இன்னா வேலை?"

"கீது மாமா. முக்கியமான வேலை."

குமணன்சாவடி மண்டபம். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கஸ்தூரி ட்ரோனை ஏற்றினாள். அது பறந்த அடுத்த நிமிடம் ஊரிலுள்ள காக்காயெல்லாம் அதைக் கொத்த வந்தன. என் கையில் ஒரு நீளமான ஒட்டடைக் குச்சியைக் கொடுத்து மொட்டை மாடிக்கு அனுப்பிவிட்டாள்.

கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு இப்போது பதவி உயர்வு. மண்டபம் மண்டபமாகப் போய்க் காக்கா ஓட்டுகிறேன்.