வலதுபக்க இருக்கை

"ஏனப்பா நடு றோட்டிலை நிப்பாட்டினனீங்கள்?"

"நான் நிப்பாட்டேல்லை."

"பின்னை ஆர் நிப்பாட்டினது?"

தவரத்தினம் குனிந்து தன் காலடியைப் பார்த்தார். லா ஷப்பலில், மெற்றோ ஓடும் பாலத்துக்குக் கீழே, பட்டப்பகலில், வாங்கி நாலே நாளான அவருடைய கார் அசையாமல் நின்றது. முன்னால் ஆளில்லை, நாயில்லை, ஒரு புறாகூட இல்லை. பின்னால்தான் பாரிஸில் பாதி நின்று ஹோர்ன் அடித்தது.

நடந்தது இவ்வளவுதான். மடியில் கிடந்த தொலைபேசி அடித்தது. அதை எடுக்கக் குனிந்தார். அந்த நேரம் பிறேக் பெடல் தானாக உள்ளே இறங்கியது. அவருடைய கால் அதில் இல்லை. வெடுக்கென்றும் இறங்கவில்லை. அவசரமே இல்லாத யாரோ ஒருவர் மிதிப்பதுபோல, பொறுமையாக இறங்கியது.

"புதுக் கார்தானே. பழகவேணும்," என்றார் மனைவியிடம்.

ஜெகதீஸ்வரி வெளியே பார்த்தபடி மெல்லச் சொன்னாள்: "நான் ஏறேக்கையே இந்த சீற் சூடாய் இருந்ததப்பா. ஆரோ இப்பத்தான் எழும்பிப் போன மாதிரி."

தவரத்தினம் கதையை மாற்றினார்.

அவர் ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்பவர். கடைக்கு நடந்து போவார், நடந்து வருவார். காரே தேவையில்லாத மனிதர். ஆனால் இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் மகள் கஜந்தினி பிறந்தபோது, தையல் போட்ட மனைவியையும் பச்சைக் குழந்தையையும் மெற்றோவில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்றைக்கென்று நகரும் படி வேலை செய்யவில்லை. ஜெகதீஸ்வரி ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினாள். வாய் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை. அன்று பட்ட வெட்கம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது அதே கஜந்தினிக்கு இது நிறைமாதம். "உன்ரை பிள்ளையை நான்தான் காரிலை வீட்டை கொண்டு போவன்," என்று மகளிடம் வாக்குக் கொடுத்துவிட்டார்.

கார் தேடி ஐந்து மாதம் அலைந்தார். சின்னக் கார் வேண்டாம், குழந்தை வண்டி கொள்ளாது. பெரிய ஜீப் வேண்டாம், லா ஷப்பலில் நிறுத்த இடமில்லை. நடுத்தர அளவில், பின்பக்கம் நீண்ட ஒரு குடும்பக் கார்தான் வேண்டும். மற்றவர்கள் எஞ்சினைப் பார்ப்பார்கள், ரயரைப் பார்ப்பார்கள். தவரத்தினம் போன இடமெல்லாம் இருபது கிலோ அரிசி மூட்டை ஒன்றையும் பந்திக்குச் சோறு ஆக்கும் ஒரு கிடாரத்தையும் கொண்டுபோய், பின்பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார். ஒரு வெள்ளைக்காரர் கிடாரத்தைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டார்.

கடைசியில் செவ்ரானில் மர்கரீத் என்ற மூதாட்டியின் காருக்குள் கிடாரம் அளவெடுத்துச் செய்ததுபோல இறங்கியது. அங்கேயே முடிவெடுத்தார். வேறு எதையும் பார்க்கவில்லை. பின்கதவுக் கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும் என்பதுகூட வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

"என் கணவர் ஆசையாக வாங்கிய கார். அவர் போய் ஒரு வருடமாகிறது," என்றாள் மர்கரீத். வலதுபக்க முன் இருக்கையைக் கையால் தடவினாள். "இதுதான் அவருடைய இடம்."

பிரான்சில் ஸ்ரேறிங் இடதுபக்கம். அப்படியென்றால் ஓட்டியது இந்த அம்மாதான் என்று தவரத்தினம் நினைத்துக்கொண்டார்.

"என்ன வேலை செய்தவர்?"

"ஆசிரியர். நாலாயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒருவரைக்கூட ஒருநாளும் ஏசியதில்லை. வாயில் எந்நேரமும் ஒரு மின்ட் மிட்டாய் இருக்கும்."

கடையில் கூட வேலை செய்யும் மடுத்தீன் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வாத்தியாற்றை கார் எண்டால் ஒழுக்கமாய்த்தான் இருக்கும் அண்ணை. கண்ணை மூடிக்கொண்டு எடுங்கோ."

எடுத்தார். அன்றே கோயில் வாசலில் வைத்து, முன்னால் இருந்த கம்பனிச் சின்னத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்து, சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் நசித்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். குறை வைத்ததாக அவருக்குத் தெரியவில்லை.

பாலத்துக்குக் கீழே நின்ற மறுநாள், ரூ பஜோலில் சிக்னல் போடாமல் திரும்பப் போனபோது கார் நின்றது. அதற்கு மறுநாள், மஞ்சள் விளக்கு சிவப்பாக முன் பாய்ந்துவிடலாம் என்று அழுத்தியபோது நின்றது. ஒவ்வொரு முறையும் அந்தப் பெடல் அதே நிதானத்தோடு இறங்கியது. ஒவ்வொரு முறையும் காருக்குள் மின்ட் வாசம் வந்தது. ஜெகதீஸ்வரி கைப்பையைத் துழாவினாள். அதில் மின்ட் இல்லை, கோடாலித் தைலம்கூட இல்லை.

"இது பேய்க் கார்," என்றாள்.

"விசர்க்கதை கதையாதையும் ஈசு."

"என்ரை காலடியிலை பாருங்கோ, கம்பளத்துக்குக் கீழை ரெண்டு ஓட்டை. ஆரோ என்னத்தையோ புடுங்கி எடுத்திருக்கினம். மந்திரத் தகடோ ஆருக்குத் தெரியும்? இஞ்சை பாருங்கோ, என்ரை பேரப்பிள்ளை இந்தக் காரிலை ஏறாது. நான் திரும்பவும் மெற்றோப் படியிலை ஏறினாலும் பரவாயில்லை."

அந்தக் கடைசி வசனம் அவருடைய நெஞ்சில் போய்க் குத்தியது. வெள்ளிக்கிழமை ஐயரிடம் சொல்லிப் பெரிய பூசையாகவே செய்துவிட்டார். கம்பனிச் சின்னம் இருக்கும் இடமே தெரியாமல் சந்தனத்தை அப்பினார். முன்கண்ணாடியின் உச்சியில் மூன்று குறி விபூதி. உள்ளே பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் தேசிக்காயும் செத்தல் மிளகாயும் கோத்த மாலை. மாலை பெரியது. அதற்கு அப்பால் றோட்டைப் பார்க்க அவர் தலையைச் சரித்துச் சரித்து ஓட்ட வேண்டியிருந்தது.

கோயிலில் இருந்து வீட்டுக்கு அறுநூறு மீற்றர். கார் மூன்று தரம் நின்றது.

"அவர் வேதக்காரர் அண்ணை, மாதா கோயில் ஆள்," என்றார் மடுத்தீன். "வேதக்கார ஆவிக்குத் தேசிக்காயைக் காட்டினால் கோவம்தான் வரும்." லூர்து தீர்த்தம் ஒரு போத்தலும், முழ நீளச் செபமாலை ஒன்றும் கொடுத்தார். தீர்த்தத்தை வலதுபக்க இருக்கையில் தெளித்தார்கள். செபமாலையையும் அதே கண்ணாடியில் தொங்கவிட்டார்கள். தேசிக்காயைக் கழற்ற ஜெகதீஸ்வரி விடவில்லை. எந்தப் பக்கத்தையும் பகைக்கக் கூடாதாம்.

இப்போது தவரத்தினத்துக்குத் தெரிந்தது இடதுபக்கக் கதவுக் கண்ணாடி மட்டும்தான். ஒரு கையால் கும்பிட்டு, அதே கையால் சிலுவையும் போட்டுக்கொண்டு, மற்றக் கையால் ஓட்டினார். கார் ஏழு தரம் நின்றது. ஏழாவது தரம் நின்றபோது ஜெகதீஸ்வரி இறங்கி பஸ் ஏறிப் போய்விட்டாள்.

தவரத்தினம் தனியே இருந்தார். பக்கத்து இருக்கையில் கையை வைத்துப் பார்த்தார். தீர்த்தம் தெளித்த ஈரம் எப்போதோ காய்ந்துவிட்டது. இருக்கை சூடாக இருந்தது. அவள் இருந்த சூடுதான் என்று தனக்குத்தானே சொன்னார். ஆனால் அந்த இருக்கையில் தீர்த்தம் இருந்ததால் அன்றைக்கு அவள் பின்னால்தான் இருந்தாள். அவருக்கு அழுகை வந்தது. பயத்தில் பாதி, மகளுக்குக் கொடுத்த வாக்கு போய்விடுமே என்பதில் பாதி.

கஜந்தினிக்குப் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வர ஒருநாள் இருக்கும்போது, மருமகன் பிருந்தாபன் காரைப் பார்க்க வந்தான். கணினி வேலை செய்பவன். பேய்க்கும் அவனுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. காரை ஒரு சுற்றுச் சுற்றினான். சந்தனம் அப்பிய இடத்தைக் கண்டதும் விழுந்து விழுந்து சிரித்தான்.

"மாமா, இப்பத்தைய கார்களிலை றேடார் இருக்கு. முன்னாலை இந்தச் சின்னத்துக்குப் பின்னாலைதான் வைக்கிறவங்கள். குறுக்கை ஆரும் வந்தால் கார் தானாய் பிறேக் பிடிக்கும். நீங்கள் அதின்ரை கண்ணிலையே சந்தனத்தைப் பூசிவிட்டியள். அது ஆளெண்டு நினைச்சு நிக்குது."

"அப்ப இந்தச் சூடு?"

"சீற் சூடாக்கிற வசதி."

"மின்ட் வாசம்?"

"ஏசிக்குள்ளை ஏதாவது வாசனைச் சாமான் போட்டிருப்பினம். இது டெக்னிக் மாமா, பேயில்லை."

தவரத்தினத்துக்கு உயிர் திரும்பி வந்தது. வெந்நீர் வைத்துச் சந்தனத்தைத் தேய்த்துக் கழுவினார். விபூதியைத் துடைத்தார். மாலைகள் இரண்டையும் பவ்வியமாகக் கழற்றி சாமியறையில் வைத்தார். வீட்டுக்குள் போய் றேடார் என்றால் என்னவென்று மனைவிக்கு முக்கால் மணி நேரம் விளங்கப்படுத்தினார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

மறுநாள் ராகு காலம் கழிய, ஆஸ்பத்திரி வாசலில் கஜந்தினியையும் குழந்தையையும் ஏற்றினார்கள். பிள்ளையும் தாயும் பாட்டியும் பின்னால். பிருந்தாபன் சாமான்களோடு ரயிலில் வருகிறேன் என்றான். வலதுபக்க முன் இருக்கை வெறுமையாக இருந்தது.

அன்றைக்குத் தவரத்தினம் ஓட்டியதுபோல பாரிஸில் யாரும் ஓட்டியிருக்க மாட்டார்கள். தொலைபேசியை நிறுத்திப் பின்பெட்டியில் போட்டிருந்தார். இரண்டு கையும் ஸ்ரேறிங்கில். மஞ்சள் விளக்கு தெரிந்தால் அரை மைலுக்கு முன்னமே நின்றார். சிக்னல் போடாமல் மூக்கைக்கூடத் திருப்பவில்லை. கார் ஒருதரமும் தானாக நிற்கவில்லை. எல்லாம் சந்தனத்தால் வந்த வினை என்று ஜெகதீஸ்வரியே ஒப்புக்கொண்டாள்.

கஜந்தினியின் வீடு இருக்கும் பியர்ஃபித்-சூர்-செய்னுக்குள் நுழையும் சந்தியில் பச்சை விளக்கு விழுந்தது. தவரத்தினம் மெல்ல அழுத்தினார்.

பெடல் இறங்கியது. இந்த முறை நிதானமாக இல்லை. தரையோடு தரையாக, ஒரே மிதி.

கார் குலுங்கி நின்றது. அதே நொடியில் சிவப்பு விளக்கை மதிக்காமல் ஒரு லொறி, காரின் மூக்கில் இருந்து ஒரு சாண் தள்ளிக் குறுக்கே பறந்து போனது. அதன் காற்றில் கார் ஆடியது. கஜந்தினி பிரெஞ்சில் ஏதோ கத்தினாள். குழந்தை விழித்து, சுற்றிப் பார்த்து, கொட்டாவி விட்டுவிட்டு மறுபடி தூங்கியது.

பிறகு ஜெகதீஸ்வரி முன்பக்கத்தை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"றேடார் கடவுளே," என்றாள்.

தவரத்தினம் கண்ணைத் துடைத்தார். இருபத்தெட்டு வருட வெட்கம் அந்தச் சந்தியிலேயே இறங்கிப் போனது. மகளை வீட்டுப் படியில் இறக்கினார். பேத்தியைத் தன் கையாலேயே தூக்கிக் கொடுத்தார். பிறகு நேரே பக்கத்துத் தெருவில் இருந்த பாலச்சந்திரனின் கறாஜுக்கு ஓட்டினார். ஊரில் உள்ள தமிழர்களின் கார் முழுக்க அவன் கையில்தான்.

"தம்பி, இந்த றேடாருக்கு ஒரு மூடி செய்து போட்டுவிடு. கோயிலடியிலை நிப்பாட்டினால் சனம் பொட்டு வைச்சுப்போடும். உயிரைக் காப்பாத்தின சாமான் இது."

பாலச்சந்திரன் மெல்லிய தகடு ஒன்றை விட்டு, கம்பனிச் சின்னத்தை நெம்பிக் கழற்றினான். அதற்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினான். வெளிச்சம் அடித்துப் பார்த்தான். பிறகு வலதுபக்கக் கதவைத் திறந்து இருக்கையைத் தடவினான். குனிந்து, காலடிக் கம்பளத்தைத் தூக்கி அந்த இரண்டு ஓட்டைகளையும் பார்த்தான். நிமிர்ந்தபோது முகத்தில் குழப்பம்.

"அண்ணை, இதிலை றேடாரும் இல்லை, சீற் சூடாக்கிற சாமானும் இல்லை, மேலதிகமாய்ப் பூட்டியிருந்தது ஒண்டே ஒண்டுதான், கார் ஓடப் பழக்கிற வாத்தியார் இந்தப் பக்கத்திலை இருந்து மிதிக்கிற பிறேக் பெடல், அதையும் விக்கேக்கை கழட்டிப்போட்டாங்கள்."