இருபதடி அண்ணனின் பொன்னாடைப் பள்ளி

போர்ட் கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வரை எந்த மண்டபத்தில் எந்தப் பிரமுகருக்குப் பொன்னாடை போர்த்தினாலும், கூட்டத்தில் இருபதடி அண்ணன் இருந்தால் அந்தப் பொன்னாடை வீடு போய்ச் சேராது. மாலையோடு போவார்கள், நினைவுப் பரிசோடு போவார்கள், பொன்னாடை மட்டும் போகாது. அது எங்கே போனது என்று எனக்கு நன்றாகத் தெரியும். பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றவன் நான்தான்.

அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருப்பதோடு சரி. துறைமுகத்தில் டிரெய்லர் லோரி ஓட்டியவர். உலகத்தில் எதையும் இருபதடிக் கண்டெய்னரால்தான் அளப்பார். கல்யாண வீட்டில் கை கழுவும்போதே, "கூட்டம் மூணு கண்டெய்னர், சோறு ரெண்டுதான் ஆக்கியிருக்காங்க" என்பார். மாமியாரின் கோபம் நாற்பதடி என்று அந்த அம்மாவை வைத்துக்கொண்டே சொன்னவர். குரலும் அதே அளவுதான். அவர் காதோடு ரகசியம் சொன்னால் அடுத்த மேசையில் தே தாரிக் குடிப்பவர் திரும்பிப் பார்த்து, "அப்படியாண்ணே?" என்பார்.

நான் அதற்கு நேர்மாறு. காப்பார் சாலையில் கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். வெல்டிங் முகமூடியை இறக்கிவிட்டால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் என்பதற்காகவே இந்தத் தொழில் எனக்குப் பிடித்தது. என் வாழ்க்கையில் பெரிய பயம் ஒரே ஒரு கேள்விதான். "நீங்க எதுவரைக்கும் படிச்சீங்க?"

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து, இடைநிலைப்பள்ளியில் முதலில் ஒரு வருஷம் மலாய் பழக வைக்கும் புகுமுக வகுப்புக்குப் போனேன். எல்லாம் மலாய். வாத்தியார் சொன்னது ஒன்றும் விளங்கவில்லை. மற்றவர்கள் சிரித்தால் நானும் சிரித்தேன். ஒருநாள் அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அது தெரியாமல் நானும் சேர்ந்து சிரித்தேன். அதன் பிறகு போகவில்லை.

அன்றிலிருந்து யார் படிப்பைப் பற்றிக் கேட்டாலும் எனக்கு இருமல் வந்துவிடும். கேட்டவர் தண்ணீர் கொண்டுவருவதற்குள் பேச்சு மாறியிருக்கும். என் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில், சம்பந்தி ஓய்வுபெற்ற ஆபீஸ் கிராணி, ஆங்கிலப் பத்திரிகை வாசிப்பவர். அவர் எனக்கு ஆஸ்துமா என்றே நம்பியிருந்தார். எந்த மருந்து நல்லது என்று பத்திரிகையில் வந்ததை வெட்டி அனுப்புவார். அதுவும் ஆங்கிலத்தில் இருக்கும்.

இப்படி நிம்மதியாக இருமிக்கொண்டிருந்த என் பட்டறைக்குள் ஒருநாள் இருபதடி அண்ணன் நுழைந்தார். இரண்டு வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"தம்பி, ரெண்டு பழைய கண்டெய்னருக்கு ஜன்னல் வெட்டணும். ஸ்கூல் கட்டுறேன்."

"என்ன ஸ்கூல்ண்ணே?"

"இடைநிலைப்பள்ளி. பாதியில நின்ன புள்ளைங்க கார் கழுவிக்கிட்டு, கடையில நின்னுக்கிட்டு திரியுதுங்கல்ல, அதுங்களுக்கு. சரி, நீ எதுவரைக்கும் படிச்சே?"

நான் இருமினேன்.

"இது இருமல் இல்ல" என்றார் நிதானமாக. "இது ஸ்டாண்டர்ட் சிக்ஸ். எனக்கும் ரொம்ப வருஷமா இதே இருமல்தான் லா."

வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். நான் முகமூடியை இறக்கிக்கொண்டு, ஏற்கெனவே ஒட்டியிருந்த கம்பியையே மறுபடி ஒட்டினேன். அந்த வெட்கத்தில், இந்த மனிதர் வாயை மூடினால் போதும் என்று, ஜன்னல் வெட்டித் தர ஒப்புக்கொண்டேன். வாயை மூடுவதாக அவர் எந்த வாக்கும் கொடுக்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

இடம் ஒரு சீன முதலாளியுடையது, தவுக்கே என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். லோரி நிறுத்தும் மைதானத்தில் ஒரு மூலையைச் சும்மா கொடுத்தார். ஒரே நிபந்தனை, திறப்பு விழா அன்று படிக்கிற ஆள் இருக்க வேண்டும். இல்லையென்றால் மறுநாளே அங்கே லோரி நிற்கும்.

கண்டெய்னர் வந்தது. ஜன்னல் வெட்டினேன். மதிய வெயில் நேராக உள்ளே இறங்கியது. அரை மணி நேரம் உட்கார்ந்தால் இட்லி மாதிரி வெந்துதான் எழுந்திருக்க வேண்டும். திரை வேண்டும். அப்போதுதான் அண்ணனுக்கு அந்த யோசனை தோன்றியது.

"நம்ம ஊருல துணிக்கு என்னடா பஞ்சம்? வாரா வாரம் டத்தோக்களுக்குப் போர்த்துறாங்க. அவங்க அதை என்ன பண்றாங்க? சட்டை தைக்க முடியாது. வேட்டியா கட்ட முடியாது. அலமாரியில ஒரு கண்டெய்னர் அளவுக்குக் கிடக்கும்."

முதல் வேட்டை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபம். டத்தோ பட்டம் வாங்கிய ஒருவருக்கு நான்கு பேர் வரிசையாகப் பொன்னாடை போர்த்தினார்கள். புகைப்படக்காரர் நகர்வதற்குள் அண்ணன் மேடையில் இருந்தார். ஒலிபெருக்கி அவருக்குத் தேவையில்லை, ஆனாலும் அதன் முன்னால்தான் நின்றார்.

"டத்தோ, வீட்டுல அலமாரியில எடம் இருக்கா?"

"ஏங்க?" என்றார் டத்தோ.

"எங்க ஸ்கூல்ல ஜன்னல் இருக்கு, திரை இல்ல. புள்ளைங்க மூஞ்சில வெயில் அடிக்குது."

ஆயிரம் கண்கள் பார்க்கும்போது எந்த மனிதர் மறுப்பார்? கையில் இருந்த மூன்றையும் கொடுத்தார்.

"தோள்ல ஒண்ணு இருக்கே, டத்தோ."

அதையும் கழற்றினார். "அதோ பின்னால நீலச் சட்டை. என் கூட்டாளிதான். தம்பி, பையைக் கொண்டா" என்று அண்ணன் என்னைக் காட்டினார். மண்டபம் மொத்தமும் திரும்பியது. நான் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் கருவியின் விளக்கத்தை ஊன்றிப் படிக்கத் தொடங்கினேன். அது மலாயில் இருந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர், "உங்களுக்கு வேண்டியவரா?" என்று கேட்டார். இருமல்தான் பதிலாக வந்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் சொன்னேன். "மலு லா அண்ணே. மானம் போச்சு."

"போகட்டும் விடு. போனா திரும்பி வரும்போது ஏதாவது கொண்டாரும்" என்றார்.

இதற்கிடையில் பள்ளியின் கொள்கை என்ன என்று முடிவு செய்ய நிர்வாகக் குழு கூடியது. பொருளாளர் கோட் போட்டு வந்திருந்தார். 'உயரிய விழுமியங்கள் வாயிலாக ஆற்றல்மிகு மனிதவளத்தை உருவாக்குதல்' என்று வாசித்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன், புகுமுக வகுப்பில் ஆட்டிய மாதிரியே.

"இதைப் படிச்சா வர்ற புள்ளையும் ஓடிரும்" என்றார் அண்ணன். "இங்க யாரையும் ஏன் நின்னேன்னு கேக்கக் கூடாது. அப்பா என்ன வேலைன்னு கேக்கக் கூடாது. கழிவறையைத் தலைவர்தான் முதல்ல கழுவணும். வேற என்ன கொள்கை?"

"சுவத்துல எழுத ஒரு வாசகம் வேணும்ல, தலைவரே?"

அண்ணன் கொஞ்சம் யோசித்து, "உள்ள வா, அப்புறம் பேசுவோம்" என்றார்.

பொருளாளர் தன்னைத்தான் தனியே பேசக் கூப்பிடுகிறார் என்று எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். அதுதான் வாசகம் என்று விளங்க வைக்க நேரமானது. கண்டெய்னரின் பக்கவாட்டில், சாலையில் போகிறவர்கள் பார்க்கும்படி, அந்த எழுத்துகளைச் சிவப்புச் சாயத்தில் நான்தான் எழுதினேன். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எழுதினேன்.

திறப்பு விழா நாள் வந்தது. ஜன்னலெல்லாம் சரிகைக் கரை போட்ட திரைகள். ஒன்றில் 'சமூகச் செம்மல்' என்று தங்க எழுத்து இருந்தது. பாடம் நடத்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தயாராக நின்றார். அதே பிரிக்ஃபீல்ட்ஸ் டத்தோ சிறப்பு விருந்தினர். தன்னுடைய நான்கும் எந்த ஜன்னலில் இருக்கின்றன என்று அவர் தேடுவது தெரிந்தது. இரண்டாவது வரிசையில் என் மனைவி, மகள், சம்பந்தி. எல்லாரும் இருந்தார்கள். மாணவர்கள்தான் இல்லை.

இல்லை என்றும் சொல்ல முடியாது. சாலைக்கு அந்தப் பக்கம் மழைமரத்தடியில் மோட்டார் சைக்கிள்களில் இருந்தார்கள். பதினாறு, பதினேழு வயசுப் பிள்ளைகள். தெரிந்தவர் யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்று ஒருவரும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அந்த வயதில் பென்சிலும் கையுமாகப் போய் உட்கார வெட்கம். எனக்கு அது விளங்கியது. என்னிடம் வெல்டிங் முகமூடி இருந்த மாதிரி அவர்களுக்கு ஹெல்மெட்.

தவுக்கே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "புடாக் மானா?" என்று கேட்டார். பிள்ளைகள் எங்கே என்றால் என்ன சொல்வது? மைதானத்து வாசலில் அவருடைய லோரி ஒன்று இஞ்சினை நிறுத்தாமல் நின்றது.

அண்ணன் விறுவிறுவென்று கண்டெய்னருக்குள் போய் முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி முனகியது. மரத்தடியில் ஒரே சிரிப்பு. "அவர் தலைவர் லா, நடிக்கிறாரு" என்று ஒரு குரல் கேட்டது.

அண்ணன் எழுந்து வந்து ஒலிபெருக்கியைப் பிடித்தார். அவர் கண் என்னைத் தேடியது. அண்ணே, வேண்டாம் என்று கையை ஆட்டினேன்.

"அதோ நீலச் சட்டை. இந்த ஜன்னலையெல்லாம் வெட்டினவன். ஸ்டாண்டர்ட் சிக்ஸ்தான். என்னை மாதிரியே. தம்பி, உள்ள வா. அப்புறம் பேசுவோம்."

மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஓடிவிடலாம் என்று என் வேனைப் பார்த்தேன். அதன் பின்னால் டத்தோவின் காரை நிறுத்தியிருந்தார்கள். இருமிப் பார்த்தேன். காலியாக ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். மனைவி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். சம்பந்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டு என்னைப் பார்த்தார். முன்னால் நூறு பேர், பின்னால் கார். போவதற்கு ஒரே இடம் கண்டெய்னர்தான். தலையைக் குனிந்துகொண்டு நடந்து, அண்ணனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பிறகு யாரோ சாலையைத் தாண்டி வரும் செருப்புச் சத்தம். ஜவுளிக்கடைச் சீருடையில் ஒரு பெண், ஹெல்மெட்டோடு வாசலில் நின்றாள்.

"அங்கிள், நெஜமாவே ஸ்டாண்டர்ட் சிக்ஸா?"

"ஆமாம்மா" என்றேன். அந்தக் கேள்விக்கு நான் இருமாமல் சொன்ன முதல் பதில் அது.

"நான் ஃபார்ம் டூ வரைக்கும். அப்ப உங்களுக்கு நான் சீனியர்" என்று ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எனக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு ஹெல்மெட். அப்புறம் ஒரு கூட்டமாக. வாசலில் நின்ற லோரி இஞ்சின் அணைந்தது.

விழா முடிந்ததும் சம்பந்தி வந்து என் தோளைத் தொட்டார். என்ன சொல்லப்போகிறாரோ என்று எனக்கு வேர்த்தது.

"அப்ப உங்களுக்கு ஆஸ்துமா இல்லையா, சம்பந்தி?" என்றார். நிஜமாகவே கவலையோடு.

அண்ணனிடம் நான் பல நாள் பேசவில்லை. என் கோபம் நாற்பதடி இருக்கும். ஆனால் டீச்சர் அன்றே என் பெயரையும் பதிவில் எழுதி இடம் போட்டுக் கொடுத்துவிட்டார், சாயங்கால வகுப்பில் தினமும் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். பேசாதவனிடமே ரப்பர் கேட்பார். வீட்டுப்பாடம் அரைக் கண்டெய்னர் இருக்கிறது என்று புலம்புவார். ஒருநாள் டீச்சர் பொறுக்க முடியாமல், "தலைவரே, வெளிய போய் நில்லுங்க" என்று சொல்லிவிட்டார். அண்ணன் போய் நின்றார். அந்த நேரம் பார்த்து மகனைச் சேர்க்க வந்த ஓர் அம்மா, "இங்க தலைவர் யாருங்க?" என்று அவரிடமே கேட்டிருக்கிறார். "நான்தாம்மா. பேசுனதுக்கு வெளிய நிக்க வெச்சிருக்காங்க" என்றாராம். கண்டிப்பான பள்ளி என்று அந்த அம்மா அங்கேயே மகனைச் சேர்த்துவிட்டுப் போனார். நான் மேசைக்கடியில் குனிந்து சிரித்ததில் கோபம் போய்விட்டது.

இப்போது கண்டெய்னர் நான்காகிவிட்டது. முதலில் வந்த அந்தப் பெண் கணக்கு அலுவலகத்தில் வேலை செய்துகொண்டே சனிக்கிழமைகளில் எங்களுக்கு மலாய் சொல்லித் தருகிறாள். நான் இன்னும் படிக்கிறேன். தீயணைப்புக் கருவியின் விளக்கத்தை முழுதாக வாசிக்க முடிகிறது. சிலரிடம் ஆறாம் வகுப்பு என்று சொல்லும்போது இன்னும் காது சூடாகிறது. அது போகவில்லை. போய்விடும் என்று பொய் சொல்லவும் எனக்கு வரவில்லை.

போன மாதம் நான்காவது கண்டெய்னருக்குத் திரை தேடி மறுபடி பிரிக்ஃபீல்ட்ஸ் போனோம். அண்ணனுக்கு முட்டி போய்விட்டது, மேடைப் படி ஏற முடியாது. பையை வாங்கி வைத்துக்கொண்டு, "நீ போ" என்றார்.

"என்னால முடியாதுண்ணே."

"நான் மட்டும் என்ன, வெக்கமில்லாமயா ஏறுனேன்னு நெனச்சே? ஒவ்வொரு தடவையும் ஒரு கண்டெய்னர் வெக்கம் இருந்துச்சு லா. போ."

இத்தனை வருஷத்தில் அவர் அதைச் சொன்னதில்லை. நான் படியேறினேன். புதிதாகப் பட்டம் வாங்கிய டத்தோவிடம், ஒலிபெருக்கிக்குத் தள்ளி நின்று, மெதுவாகக் கேட்டேன். அவர் கழற்றிக் கொடுத்துக்கொண்டே, பின்னால் தூணோரம் பையோடு நின்ற பருத்த உருவத்தைக் காட்டி, ஒலிபெருக்கியிலேயே "அவரு யாரு, உங்களுக்கு வேண்டியவரா?" என்று கேட்டார்.

மண்டபம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அங்கே அண்ணன் சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியின் விளக்கத்தை ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. "எங்க கிளாஸ்தான். என் பக்கத்துல உக்கார்றவரு."