காயில்காரர் கட்டிய இடது கை கிடார்

எண்பதுகளில் பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில் கரும்பும் மஞ்சளும் விளைந்ததற்குக் காரணம் மண்ணும் இல்லை, மழையும் இல்லை. காயில்காரர் என்ற ஒரே ஒரு மனிதர்தான். கிணற்று மோட்டார் எரிந்துபோனால், உள்ளே காயில் எனப்படும் செம்புக் கம்பிச் சுற்றை அறுத்தெறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தருவது அவர் தொழில். எங்கள் பக்கம் எப்போதும் லோ வோல்டேஜ். ஆகவே மோட்டார் எரியாத நாளே கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அவர் கடை வாசலில், அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளிகள் கிடப்பதைப் போல மோட்டார்கள் வரிசையாகக் கிடக்கும். அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். நான் கேட்டதில்லை, கேட்ட ஆளையும் பார்த்ததில்லை.

கம்பி சுற்றும்போது சுற்றுகளை உரக்க எண்ணுவார். அந்த நேரத்தில் வானமே இடிந்து விழுந்தாலும் அவர் வாயிலிருந்து கணக்கு மட்டும்தான் வரும். ஒருமுறை ஒரு விவசாயி வந்து நின்றார்.

"என்னைக்குங்க குடுப்பீங்க?"

"இருவத்தேழு."

"அத்தன நாளாவுங்களா? மஞ்சளு காஞ்சிரும்ங்க!"

"இருவத்தெட்டு."

அந்த மனிதர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். மறுநாளே மோட்டார் தயார். ஆளைத்தான் காணோம்.

மனிதர்களையும் அவர் மோட்டாராகவே பார்த்தார். மூட்டு வலி என்றால் பேரிங் தேய்ந்துவிட்டது. பெண்டாட்டிக்குக் கோபம் என்றால் ஓவர்லோடு. எங்கள் மாதா கோயிலுக்கு மைக் ரிப்பேர் செய்ய வருவார். பங்குச் சாமியாரின் பிரசங்கம் நீண்டுகொண்டே போனால், "ட்ரிப் ஆயி நிக்க மாட்டேங்குதுங்களே" என்று என் காதில் கவலையோடு கேட்பார்.

நான் அப்போது கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பாடகர் குழுவில் கிடார் வாசிப்பேன். வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் நான் மனிதன். மற்ற நேரமெல்லாம் உர மூட்டைக்கு ரசீது போடும் பேனா. ஒரு தை மாதம் சித்தப்பாவின் கரும்பாலை உருளைக்குள் கரும்பு கொடுத்துக்கொண்டிருந்தபோது கை மாட்டி, இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு போயின. கிடாரில் கம்பியை அழுத்துகிற கை அதுதான். கதை முடிந்தது என்று கிடாரை யாருக்கோ கொடுத்துவிட்டேன். கோயிலில் கடைசி வரிசைக்குப் போனேன். கையைப் பேண்ட் பைக்குள் வைத்தபடியே திரிந்தேன்.

ஒரு நாள் காயில்காரர் சங்கத்துக்கே வந்து என் மேசை முன்னால் நின்றார்.

"தம்பி, அந்த ஆலை மோட்டாரு நான் கட்டுனதுங்க."

"அதுக்கென்னங்கண்ணா? மோட்டாரு நல்லாத்தான ஓடுச்சு."

"அதான் தப்பு. கொஞ்சம் மோசமாக் கட்டியிருந்தா, உங்க கை மாட்டுனப்ப நின்னிருக்கும்."

கையை இன்னும் ஆழமாகப் பேண்ட் பைக்குள் திணித்தேன். அவர் என் கையைக் கேட்டு வாங்கி, எரிந்த காயிலைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"த்ரீ பேஸ் மோட்டாருல ரெண்டு வயர மாத்திப் போட்டா, எதுப்பக்கம் சுத்துமுங்க. மோட்டாரே சுத்தறப்ப நீங்க சுத்த மாட்டீங்களா? வலது கையில அழுத்துங்க, இடது கையில தட்டுங்க."

"இந்தக் கையில தட்டுனா கொசு கத்துனாப்லதான் கேக்கும். பிடியே இல்லீங்க."

"உங்க விரலுக்கு வலுவில்லீன்னா என்ன? கரண்ட்டுக்கு இருக்குதில்ல! எலக்ட்ரிக் கிடாரு செஞ்சிடலாம்."

இதில் ஒரே ஒரு சிக்கல். அவர் அதுவரை எலக்ட்ரிக் கிடாரைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

பெங்களூர் இசைக்கருவிக் கடை ஒன்றிலிருந்து பட்டியல் வரவழைத்தோம். இடது கைக் கிடார் அவர்களிடம் இல்லை. உதிரியாக வாங்கி நாமே கட்டுவது என்று முடிவானது. கடைச் சுவரில் மோட்டார் கனெக்‌ஷன் படங்களுக்கு நடுவே சாக்பீஸால் கிடாரைத் திருப்பி வரைந்தார். கிடாரின் கழுத்து அவருக்கு 'ஷாஃப்ட்'. அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன், ஷாஃப்டைக் கழுத்தாக்கி. பார்சல்கள் ஒவ்வொன்றாக வந்தன. கழுத்து வந்த அன்று மோட்டாருக்குக் காத்திருந்த விவசாயிகள் அதைக் கைக்குக் கை மாற்றிப் பார்த்தார்கள்.

"இதுல எத்தன எச்.பி. வருமுங்க?" என்று ஒருவர் விசாரித்தார்.

உடம்புக்கு வாகைப் பலகை. அட்டையில் அளவு வெட்டி ஆசாரியிடம் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து வந்தது, அச்சு அசலாக வலது கைக் கிடார். ஆசாரிக்குப் பெருமை தாங்கவில்லை. "கிடாரு படம் நான் பாத்திருக்கறனுங்க. நீங்க தெரியாம எதுப்பக்கமா வரைஞ்சிட்டீங்க. கேவலமாப் போயிருமேன்னு நானே சரி பண்ணிட்டேன்" என்றார். இவ்வளவு நல்ல மனசுக்காரரை எப்படித் திட்டுவது? அந்தப் பலகை கடையில் முக்காலியானது. இரண்டாவது பலகை அறுக்கும்போது காயில்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காத்தார்.

கடைசியாக வந்தது பிக்கப். கம்பியின் அதிர்வைக் கரண்டாக மாற்றுகிற பாகம் அது. பிரித்தால், வந்த வழியில் உள்ளே ஏதோ அறுந்துபோயிருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. காயில்காரர் அதைக் கழற்றினார். உள்ளே ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி. அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்கவே முடியாது.

"அட, இதுவும் காயிலுதானுங்களா! முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

விவசாயிகளெல்லாம் வாசலில் காத்துக் கிடக்க, மூன்று நாள் அதைச் சுற்றினார். ஆயிரம் ஆயிரமாக எண்ணிக்கை ஏறியது. ஐயாயிரத்தைத் தாண்டியபோது, "அண்ணா, டீ ஆறுதுங்க" என்று சொல்லி டம்ளரை வைத்தேன். மேசை ஆடி, கம்பி அறுந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாரானேன்.

"ஒண்ணு" என்றார்.

கோயில் திருவிழாப் பாடல் பூசை காலையில். ஊரே வந்திருந்தது. கிடாரைக் கோயில் ஆம்ப்ளிஃபயரில் சொருகி, முன் வரிசையில் அரைக் கையோடு நின்றேன். அத்தனை பேர் பார்வையும் அந்தக் கைமேல்தான். தட்டினேன். சத்தமே வரவில்லை. லோ வோல்டேஜ்! ட்யூப்லைட் கண்ணடித்துக்கொண்டிருந்தது, ஃபேன் நடைப்பிணமாகச் சுற்றியது. குழு கிடார் இல்லாமலே பாட ஆரம்பித்துவிட்டது. யாரோ இருமினார்கள். நான் விடாமல் தட்டிக்கொண்டே இருந்தேன். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் இருந்த காயில்காரர் என்னை ஒருமுறை பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே ஓடிவிட்டார். இவரும் கைவிட்டாரே என்று நினைத்தேன்.

இரண்டாவது சரணத்தில் ஃபேன் வேகமெடுத்தது. ட்யூப்லைட் பளிச்சென்று எரிந்தது. என் கையின் கொசுக் கத்தல் கோயில் முழுக்க நிறைந்தது. பாட்டைவிட நான் அழுததுதான் அதிகம். மறைக்கவும் இல்லை.

பூசை முடிந்தும் அவரைக் காணவில்லை. வெளியே கோயிலுக்குப் பின்னால் ஒரே கூச்சல். கிடாரோடு ஓடினேன். கோயிலுக்கு வோல்டேஜ் ஏறட்டும் என்று, சுற்றியிருந்த நாலு கிணற்று மோட்டார்களையும் அவர் நிறுத்தியிருந்தார். மூன்று கிணற்றுக்காரர்களை எப்படியோ சமாளித்துவிட்டு, நாலாவது மோட்டார் ரூம் வாசலை மறித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"மூணு மணி நேரந்தான் கரண்டே வுடறான், அதையும் நிறுத்தறீங்களே, உங்களுக்கே நாயமா இருக்குதுங்களா?" என்று அந்தக் கிணற்றுத் தோட்டக்காரர் கத்திக்கொண்டிருந்தார்.

"அடுத்த தடவ எரிஞ்சா சும்மா கட்டித் தர்றேன்னு சொல்றனுங்களே! ஒரே ஒரு பூசைங்க" என்றவர், என்னைப் பார்த்ததும், "முடிஞ்சுதுங்களா தம்பி?" என்றார்.

"முடிஞ்சுதுங்கண்ணா. உங்களுக்குக் கேட்டுதுங்களா?"

"எங்கீங்க கேக்கறது? இவரு கத்தற கத்தல்ல."

பட்டியலைப் பார்த்து, பலகை அறுக்கக் காவல் இருந்து, அறுந்த கம்பியை ஒன்றிலிருந்து சுற்றியவர், அதன் ஒரு சத்தத்தைக்கூடக் கேட்கவில்லை. நான் மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்து கிடாரை மடியில் வைத்தேன். ஆம்ப்ளிஃபயர் கிடையாது, எனக்கே சரியாகக் கேட்காது. காயில்காரர் சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். ஓடுகிற மோட்டாரைச் சோதிப்பது போல, முனையை வாகைப் பலகையில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். நான் வாசித்தேன். தோட்டக்காரரும் கத்துவதை நிறுத்திவிட்டார்.

முழுப் பாட்டும் முடிந்த பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

"சுத்தமா ஓடுதுங்க, தம்பி" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என் வாசிப்பைப் பாராட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னவரிடம் நன்றி என்று சொல்லக்கூட அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. வாசகர்களே, உங்கள் முன்னால் இன்றைக்குச் சொல்லிக்கொள்கிறேன்.