ஹாஸ்கெட்டின் பாதகமில்லாத தவறுகள்

தவறே நடக்கவில்லை என்று சாதிக்கும் ஆளை உங்களுக்குத் தெரியும். அவரை விட்டுத் தள்ளுங்கள். நான் சொல்ல வந்தது வேறு ரகம். தவறு நடந்துவிட்டது என்று முதல் ஆளாக ஒப்புக்கொண்டு, ஒப்புக்கொண்ட கையோடு அதைத் துடைத்தும் போட்டுவிடுகிற 'பாதகமில்லை'ப் பேர்வழி.

எங்கள் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இருபத்திரண்டு வருஷமாக வீற்றிருக்கும் நீதிபதி மில்ஃபர்ட் ஹாஸ்கெட் இந்த ரகத்தில் அசல் சரக்கு. காரைப் பின்னால் எடுத்துப் பக்கத்து வீட்டுத் தபால் பெட்டியைச் சாய்ப்பார்; இறங்கிப் பார்ப்பார்; "தப்புதான். ஆனா தபால் உள்ள போகுதுல்ல?" என்பார். மனைவியின் பிறந்தநாள் கேக்கில் முதல் மனைவியின் பெயரை எழுதவைத்துவிட்டு, "ருசி ஒண்ணுதானே?" என்றவர். இப்பேர்ப்பட்டவரிடம் கீழ்க்கோர்ட்டின் பிழைகளை எடைபோடும் வேலையைக் கொடுப்பார்களா? கொடுத்தார்கள்.

ஆரின் டேபர் என்ற லாரி மெக்கானிக், மதுக்கடையில் பாட்டிலை ஓங்கிக்கொண்டு வந்தவனை ஒரு குத்து விட்டார். தாடை உடைந்தது. தற்காப்பு என்றார். அது தற்காப்பு இல்லை என்று அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். சட்டம் அப்படி மாறி ஒன்பது வருஷம் ஆகிறது. விசாரணை நீதிபதியோ, குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்யும் ஜூரியைத் தனியறைக்கு அனுப்புமுன் சட்டத்தை வாசித்துக் காட்டும் அந்த ஐம்பது நிமிஷத்தில், பன்னிரண்டு பேரும் மதியச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டிருக்க, கோப்பில் கிடந்த பழைய தாளை எடுத்து வாசித்துவிட்டார். அதன்படி டேபர்தான் நிரூபிக்க வேண்டுமாம். அவருடைய வக்கீல் ஆட்சேபித்தார். உட்காரச் சொன்னார்கள். ஏழு வருஷம் தண்டனை.

மேல்முறையீட்டு நீதிபதிகள் மூவரும் ஆலோசனைக்கு உட்கார்ந்தபோது டேபர் சிறைக்குப் போய்ப் பதினோரு மாதம்.

"தப்புதான்," என்றார் ஹாஸ்கெட், காபியைக் கலக்கிக்கொண்டே. "ஆனா பாதகமில்ல. சரியா வாசிச்சிருந்தாலும் ஜூரி இதைத்தான் சொல்லியிருக்கும்."

"அது எப்படி உங்களுக்குத் தெரியும், மில்ஃபர்ட்?" என்றார் அந்த வருஷம்தான் வந்து சேர்ந்த நீதிபதி இனெஸ் பரேரா.

"எல்லாம் அனுபவம்மா."

"ஜூரி நடுவுல ஜட்ஜுக்கு ஒரு சீட்டு அனுப்பியிருக்காங்க. 'டேபர் சொல்றத நம்பவும் முடியல, பொய்யின்னு தள்ளவும் முடியல. என்ன செய்யட்டும்?'னு கேட்டிருக்காங்க. குடுத்த தாளையே திரும்பப் படிங்கன்னுட்டாரு ஜட்ஜு."

"பாத்தீங்களா? பதில் சொல்லாம விடல மனுஷன்."

அதுவரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த மூன்றாவது நீதிபதி, "அந்தச் சீட்டை இன்னொரு தடவை படிங்க," என்றார்.

இரண்டுக்கு ஒன்று என்று தீர்ப்பானது: மறுவிசாரணை. ஹாஸ்கெட் பத்தொன்பது பக்கத்துக்கு மாறுபட்ட தீர்ப்பு எழுதித் தள்ளினார். புதிய ஜூரிக்குச் சட்டம் சரியாக வாசிக்கப்பட்டது. நாற்பதே நிமிஷம், டேபர் குற்றமற்றவர். பதினாறாவது மாதம் வீட்டுக்குப் போனார்.

செய்தி வந்த அன்று ஹாஸ்கெட் பரேராவின் அறைக்கே போய்க் கதவைத் தட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

"நான்தான் அப்பவே சொன்னேனே, இனெஸ். கடைசியில யாருக்கும் ஒரு பாதகமும் இல்ல."

இப்படியும் ஒரு மனிதரா என்று தலையில் அடித்துக்கொள்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் டேபர் வீட்டுக்குப் போனார் என்றதும் 'அப்பாடா, நல்லபடியாக முடிந்தது' என்று உங்களுக்கும் மனசு லேசாயிற்றா இல்லையா? அவர் உள்ளே கழித்த பதினாறு மாதம் அந்த நேரத்தில் ஒரு நொடியாவது உறுத்தியதா? இல்லையென்றால் ஒரு விண்ணப்பம் போட்டுவையுங்கள். ஹாஸ்கெட் அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு ஆள் தேடுகிறார்கள்.