பச்சை எரியாத கதவு

குழந்தைகள் விளையாடும் பீட்சாக் கடையின் வெளிவாசலில், பூட்டுக்காரர் மணிக்கட்டை மூன்றாவது தடவையாகக் கதவோரப் பெட்டியில் காட்டினார். மூன்றாவது தடவையும் சிவப்பு விளக்குதான் எரிந்தது.

"பச்சை எரிஞ்சாத்தான் சார் கதவு திறக்கும்," என்றாள் வாசலில் நின்ற பெண். அவள் தலையில் பீட்சாத் துண்டு மாதிரி ஒரு தொப்பி.

"அது தெரியுதும்மா. ஏன் எரியலை?"

"சேர்ந்து வந்தவங்க சேர்ந்துதான் வெளிய போகணும் சார். ஒருத்தர் குழந்தையை இன்னொருத்தர் கூட்டிட்டுப் போயிடக் கூடாதில்ல? அதுக்குத்தான் கையில ஒரே நம்பர் பட்டை."

"சேர்ந்துதானே நிக்கறோம்!"

மகளின் கையையும் தூக்கிக் காட்டினார். இருவர் பட்டையிலும் நாற்பத்திரண்டு. பெட்டி மசியவில்லை.

மணி நாலரை. ஐந்து மணி வண்டியில் மாமனார் வந்து இறங்குகிறார். போன தடவை அவரை ஸ்டேஷன் வாசலில் வெயிலில் காக்க வைத்ததற்கு மனிதர் இரண்டு வருஷம் மருமகனோடு பேசவில்லை. போனில்கூட, "உன் வீட்டுக்காரர் சௌக்கியமா?" என்று தன் மகளிடம்தான் கேட்பார். இப்போதுதான் மனசு இரங்கி வருகிறார். இந்தத் தடவையும் கோட்டை விட்டால் மனைவியும் பேச மாட்டாள். விஷயத்தைச் சொல்லலாமென்றால், மகள் விளையாடியே செல்போனில் சார்ஜைத் தீர்த்துவிட்டிருந்தாள்.

ஊரில் எந்தக் கதவு மாட்டிக்கொண்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் மாட்டிக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது?

"பட்டையில பீட்சா எண்ணெய் பட்டிருக்கும்," என்று தானே ஒரு முடிவுக்கு வந்து, குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்தார். தேய்த்த தேய்ப்பில் பட்டை அறுந்து, தண்ணீரோடு சுழன்று, ஓட்டைக்குள் இறங்கிவிட்டது.

திரும்பி வந்து வெறுங்கையைக் காட்டினார். இப்போது சிவப்புகூட எரியவில்லை.

"வேற பட்டை குடும்மா."

தொப்பிக்காரி ஒன்றைக் கட்டிவிட்டாள். பார்த்தால் எண்பது.

"இது எண்பதாச்சே!"

"புதுப் பட்டைக்குப் புது நம்பர்தான் சார். நீங்க இப்பதான் உள்ள வந்திருக்கீங்க."

"எங்கேருந்து?"

"வெளியிலேருந்து."

"வெளியில போகத்தானேம்மா இவ்வளவு பாடு!"

எண்பதைக் காட்டியதும் பளிச்சென்று பச்சை எரிந்தது. கதவும் திறந்தது. மகளை இழுத்துக்கொண்டு பாய்ந்தவரைத் தொப்பிக்காரி மறித்தாள்.

"நீங்க தாராளமா போகலாம். பாப்பாவை விட முடியாது. அவ நாற்பத்திரண்டு."

"நான் அவ அப்பாம்மா!"

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்வாங்க. பாப்பா, இவர் யாரு?"

மகள் எதிரே எலித்தலையைச் சுத்தியலால் அடிக்கும் இயந்திரத்தை ஏக்கத்தோடு பார்த்தாள். "இன்னும் ஒரு ஆட்டம் ஆட விட்டா எங்கப்பா," என்றாள்.

தொப்பிக்காரியின் முகம் மாறியது. பூட்டுக்காரருக்கு வியர்த்து ஊற்றியது. தாம் உள்ளே வந்தவரா, வெளியே போகிறவரா, அப்பாவா, அந்நியரா என்று அவருக்கே குழம்பிவிட்டது. வேறு வழியில்லாமல் மகளை ஆட விட்டார். பதினோரு எலிகளை அடித்து முடித்த பிறகே, "எங்கப்பாதான்," என்று சாட்சி சொன்னாள்.

"சொன்னாலும் பச்சை எரியணுமே சார்," என்றாள் தொப்பிக்காரி.

மணி நாலே முக்கால்.

பூட்டுக்காரருக்குத் தொழில் புத்தி தலைக்கேறியது. சாவிக்கொத்தில் தொங்கிய குட்டி ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, மண்டியிட்டுப் பெட்டியின் மூடியைக் கழற்றினார். உள்ளே அவருக்குத் தெரிந்த நெம்புகோலோ ஸ்பிரிங்கோ எதுவும் இல்லை. ஒரே ஒயர் மயம். சிவப்பாக இருந்த ஒன்றை லேசாகத்தான் தொட்டார்.

அபாய மணி அலறியது. எல்லா விளையாட்டுகளும் ஒரே நேரத்தில் அணைந்தன. பீட்சாவைக் கடித்தவர்கள் கடித்தபடியே திரும்பிப் பார்த்தார்கள். கார் பந்தயப் பக்கத்திலிருந்து, "கடைசிச் சுத்துல நிறுத்திட்டானே பாவி! எவன்டா அவன்?" என்று யாரோ கத்தினார்கள். பூட்டுக்காரர் அவமானத்தில் தலையைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

மேனேஜர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"என்ன சார் இதெல்லாம்?"

"ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அஞ்சு மணிக்கு என் மாமனார் வர்றார். நான் ஸ்டேஷன்ல நிக்கலைன்னா என் குடும்பமே போச்சு. கதவைத் திறங்க!" பூட்டுக்காரருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது.

மேனேஜர் பாவப்பட்டு மணியை நிறுத்தினார். கம்ப்யூட்டரில் நாற்பத்திரண்டைத் தட்டினார். திரையைப் பார்த்தார். பூட்டுக்காரரைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"சார், நாற்பத்திரண்டுல மூணாவதா ஒருத்தர் உள்ளேயே இருக்காரே! முந்தின வண்டியிலேயே வந்துட்டாராம், உங்க வீட்டம்மா போன் பண்ணி உங்க நம்பர்லயே சேர்க்கச் சொன்னாங்க. அதோ, அந்தப் பந்தயக் கார்ல உட்கார்ந்துக்கிட்டு, மாப்பிள்ளை வந்து கூப்பிடட்டும்னு ஒரு மணி நேரமா காத்துக்கிட்டிருக்கார்!"