பத்துக் கறுப்புப் புள்ளி

என் மகள் பெயரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று நான் உத்தரவு போட்டு ஒன்றேகால் வருடம் ஆகிறது. வீட்டில் இருப்பதே நானும் என் மனைவியும்தான். அவளுக்குப் பேச வேறு ஆயிரம் விஷயம் இருந்தது. அந்த உத்தரவு என்னைத்தான் போட்டு வாட்டியது.

தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொள்ளப் போவதாக மகள் சொன்னாள். நான் தாம்தூம் என்று குதித்தேன். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அந்தச் சூட்டோடு சூடாக அவள் நம்பரை என் போனிலிருந்து அழித்தேன். போன் ஏதோ கேட்டது. 'சரி' என்று அமுக்கினேன். இன்னும் ஏதோ கேட்டது. அதற்கும் ஒரு 'சரி'.

என் உத்தியோகத்தையும் சொல்லிவிடுகிறேன். போன் பேசுகிற ஆப் ஒன்றுக்கு, உள்ளே நுழைகிற திரையைச் செய்கிறவன் நான். பெயர் எழுத ஒரு கட்டம், நம்பருக்கு ஒரு கட்டம், பாஸ்வேர்டுக்கு ஒரு கட்டம். திரையில் இருப்பதைப் படிக்காமலே 'சரி' அமுக்குகிற ஜனங்களைத் திட்டித் திட்டியே தலை நரைத்தவன்.

ஒரு வாரத்தில் அவளே கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. நம்பரையே மாற்றிவிட்டாள் என்று முடிவு கட்டினேன். பெற்றவனிடம் இவ்வளவு கல்நெஞ்சா! வீம்பில் யாரை உரித்து வைத்திருக்கிறாள் என்று மட்டும் நான் யோசிக்கவில்லை.

போன மாதம் மனைவி மஞ்சள் நூலில் ஒரு சாக்ஸ் பின்னிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு அது?"

"உங்களுக்குத்தான்."

"என் கட்டைவிரலுக்கே பத்தாதே!"

"அப்ப உங்களுக்கு இல்ல."

எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் தாத்தா ஆகப்போகிறேன். அந்தச் செய்தியை எனக்குச் சொன்னது ஒரு சாக்ஸ். எப்படியாவது மகளோடு ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். ஆனால் புது நம்பர் தெரியாது. மனைவியிடம் கேட்டால் என் உத்தரவு என்னாவது? அவள் போனோ அவள் விரல் பட்டால்தான் திறக்கும்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. என் திரையில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தேன்: 'உங்களுக்கு நெருங்கிய ஒருவரின் எண்.'

"ஆபீஸ் வேலை. சும்மா சோதிச்சுப் பாக்கணும். எல்லாக் கட்டத்தையும் நிரப்பு" என்று என் போனை நீட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிரப்பிக் கொடுத்தாள். எதிர்வீட்டு டீச்சர் நம்பர்.

மறுநாள் 'ரத்த சொந்தமாக இருக்க வேண்டும்' என்று சேர்த்தேன். அவள் அண்ணன் நம்பரைப் போட்டாள். அது தெரியாமல் அடித்தேன்; அந்த மனுஷன் அரைமணி நேரம் என்னிடம் நலம் விசாரித்தார்.

பொறுமை போய், மூன்றாம் நாள் 'மகளின் எண்' என்றே எழுதிவிட்டேன். ஆபீசில் அந்தத் திரை அப்படியே சோதனைக்குப் போய்விட்டது.

"சார், எனக்குக் கல்யாணமே ஆகல. மகளுக்கு நான் எங்க போவேன்? உள்ளயே விடமாட்டேங்குது!" என்று சோதனை செய்கிற பையன் அலறினான். மேனேஜர் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு, நான் லீவு எடுத்து எத்தனை நாளாச்சு என்று அன்பாகக் கேட்டார். கட்டத்தை எடுத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் மனைவியே கையை நீட்டினாள். "எங்க, இன்னிக்கு சோதனை இல்லையா?"

கொடுத்தேன். பாஸ்வேர்ட் கட்டத்தில் மளமளவென்று தட்டினாள். பத்துக் கறுப்புப் புள்ளி.

"மறக்கவே மறக்காத நம்பரா போட்டிருக்கேன்" என்றாள். "உங்க பொண்ணு நம்பர்."

பத்துப் புள்ளியையும் உற்று உற்றுப் பார்த்தேன். அமுக்கினால் அவற்றை எண்ணாகக் காட்டுகிற கண் பட்டன் வேண்டாம், பாதுகாப்பு முக்கியம் என்று மீட்டிங்கில் மேஜையைத் தட்டிச் சாதித்தவன் நான்தான்.

மறுநாள் அதே வாயால் கண் பட்டன் கட்டாயம் வேண்டும் என்று வாதாடினேன். வைத்தும்விட்டேன். வீட்டுக்கு வந்து, "மறுபடி போடு" என்றேன். போட்டாள். கண்ணை அமுக்கினேன்.

கடைசி நாலு இலக்கத்தைப் பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. மகள் காலேஜில் சேர்ந்த அன்றைக்கு நானே கடையில் நின்று பொறுக்கி எடுத்த நம்பர்.

"இது அவ பழைய நம்பராச்சே!"

"அவகிட்ட இருக்கறதே அது ஒண்ணுதாங்க."

"அப்ப ஏன் எனக்கு ஒரு போன் பண்ணல?"

மனைவி பின்னல் ஊசியைக் கீழே வைத்தாள். "ஞாயித்துக்கிழமை தவறாம மொதல்ல உங்களுக்குத்தான் அடிக்கறா. போகாது. அப்புறம் எனக்கு அடிச்சு அழுவா. நீங்கதான் அவள பிளாக் பண்ணி வச்சிருக்கீங்களே."

"நானா?"

தேடிப் பார்த்தேன். இருந்தது. தடுக்கப்பட்ட எண்கள் என்று ஒரு பக்கம், அதில் அந்த ஒரே ஒரு நம்பர். அன்றைக்கு அமுக்கிய இரண்டாவது 'சரி'.

"வேணும்னே பண்ணினீங்கன்னுதான் நாங்க ரெண்டு பேரும் நெனச்சோம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"அவ பேர எடுக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

பேச்சை மாற்றினேன். "சரி, நான் எதுக்குக் கட்டம் கட்டமா போடறேன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே தெரியும். வாயத் தொறந்து கேப்பீங்களான்னு பாத்தேன். நாலு நாளா ஆபீசையே தலைகீழாக்கினீங்களே தவிர, கேக்கலையே."

ஒன்றேகால் வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் என் பெண் என் கதவைத் தட்டியிருக்கிறாள். நான் உள்ளே உட்கார்ந்து அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த நம்பரைத் தொட்டேன். போன் ஏதோ கேட்டது.

"இந்தத் தடவையாவது படிச்சுட்டு அமுக்குங்க" என்றாள் மனைவி.

கண்ணில் நீர் முட்டிக்கொண்டு ஒரு எழுத்தும் தெரியவில்லை. இந்தத் தடவையும் படிக்காமல்தான் அமுக்கினேன்.